இடது செருப்புத் திருடன்

செருப்புத் திருடனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இடது செருப்பை மட்டும் திருடுகிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் அவனை மாதக்கணக்கில் தேடினேன். கையில் கிடைத்தால் என்னென்ன கேட்பதென்று ரயிலில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எல்லாம் அச்சில் போட முடியாத கேள்விகள்.

முதல் திருட்டு கோயில் வாசலில் நடந்தது. சிங்கப்பூரில் தேக்காச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் சின்னதாக அழகு நிலையம் வைத்திருக்கிறேன். கடையைத் திறக்கும் முன் கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவது வழக்கம். தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை. உட்லண்ட்ஸில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி, அந்தக் கூட்டத்தில் இடிபட்டுக் கோயில் வாசலுக்கு வந்து, செருப்பை உதறிவிட்டு உள்ளே போனேன். வெளியே வந்து பார்த்தால் வலது செருப்பு மட்டும் கிடக்கிறது.

வாசலில் நின்ற காவலாளியிடம் போனேன்.

"அண்ணே, என் செருப்பக் காணோம்."

"இந்தா, உங்க கால்கிட்டயே கெடக்கே."

"இது ஒண்ணு. இன்னொண்ணு எங்க?"

அவர் என்னையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒத்தச் செருப்ப எவன்க்கா எடுப்பான்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்!"

பாவம், அவரும் குனிந்து குவியல் முழுவதையும் கிளறிப் பார்த்தார். கிடைக்கவில்லை. சும்மா போயிருக்கலாம் மனிதர். "நீங்க வரும்போதே ஒண்ணுதான் போட்டிருந்தீங்களோ என்னமோ," என்றார். நான் பார்த்த பார்வையில் அவருக்கு உடனே உள்ளே ஏதோ வேலை வந்துவிட்டது. எனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது, ஒற்றைச் செருப்போடு ரயிலேறி ஊரைச் சுற்ற? எதிர்க்கடையில் புது ஜோடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு, அன்றைக்கு வந்த வாடிக்கையாளர்கள் அத்தனை பேரிடமும் நாடு கெட்டுப்போனதைப் பற்றிப் பேசினேன்.

இரண்டாம் திருட்டு வீட்டு வாசலில். காலையில் கதவைத் திறந்தால் மறுபடியும் வலது மட்டும். கீழே இறங்கினால் எங்கள் புளோக்கின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துத் திட்டின் மேல் என் இடது செருப்பு உட்கார்ந்திருக்கிறது. துப்புரவு செய்கிறவர் எடுத்து வைத்திருப்பார் போல. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மாடிக்கு ஓடி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "எடுத்துட்டுப் போயிருக்கான். கீழ போனதும் பயந்து போட்டுட்டு ஓடிட்டான்."

அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "ம்," என்றார்.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பேச்சு குறைவு. வெளியே போனால் அவர் முன்னால் நடப்பார், நான் பின்னால். கல்யாணமான நாள் முதல் அப்படித்தான். அவமதிப்பு என்றோ மரியாதை என்றோ யாரும் கதை கட்ட வேண்டாம். வண்டி ஓட்டுகிறவருக்கு ஆட்கள் பின்னால் இருந்தால்தான் நிம்மதி. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி அவ்வப்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்ப்பார், அவ்வளவுதான். என் காலில் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம். எனக்கே தெரியாமல் போனதற்குக் காரணம் வேறு.

இந்தச் சமயத்தில் கடையிலும் ஒரு தொல்லை ஆரம்பித்திருந்தது. எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது புருவம் திருத்துவதுதான். முகப் பூச்சு, முடி வெட்டு எல்லாம் யாரும் செய்வார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, நடுவில் முறுக்கி, இரண்டு கை விரல்களையும் விரித்து மூடி, வேண்டாத முடியை மட்டும் பிடுங்கி எடுப்பதற்குக் கை பேச வேண்டும். என் கை பேசும். மேற்குக் கோடி பூன் லேயிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து காத்திருப்பார்கள். சின்ன வயதில் பிழைக்க வழி தெரியாமல் நின்ற எனக்கு இந்த விரல்கள்தான் சோறு போட்டன. இவை போனால் நான் போனேன். இதைத்தான் அந்த நாட்களில் நான் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

நூல் வழுக்கிற்று. விரல் விரிகிறது என்று நினைப்பேன், விரிந்திருக்காது. புது நூல்கண்டு சரியில்லை என்று மாற்றினேன். பிறகு விளக்கு மங்கல் என்று விளக்கை மாற்றினேன். பிறகு ஏசி அதிகம், விரல் விறைக்கிறது என்று ஏசியை அணைத்தேன். வாடிக்கையாளர்கள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்திருந்தார்கள். என்னோடு கடை நடத்தும் கூட்டாளி, அவளும் என் வயதுதான், ஒரு நாள் சொன்னாள்: "நீ இன்னும் மாத்தாதது கஸ்டமர் மூஞ்சி மட்டுந்தான்லா."

அப்புறம்தான் அந்தக் கல்யாணப் பெண் வந்தாள். அவள் அம்மாவுக்கு நான்தான் செய்வேன், இவளுக்கும் நான்தான் செய்ய வேண்டுமாம். வலப் புருவம் வில்லாட்டம் வந்தது. இடது புருவத்தின் வால் பக்கம் என் விரல் ஒரு நொடி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கால்வாசிப் புருவம் நூலோடு வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அந்தப் பெண் விம்ம ஆரம்பித்தாள்.

"அழாதம்மா, இப்ப இதான் ஸ்டைலு," என்றேன்.

"ஒரு சைடு மட்டுமா, ஆன்ட்டி?"

பென்சிலால் வரைந்து சரிக்கட்டினோம். கல்யாண ஆல்பத்தை அவள் அம்மா பிறகு கொண்டுவந்து காட்டினார். தாலி கட்டும் படத்தில் பெண் மாப்பிள்ளையை லேசாகச் சந்தேகப்படுவது போலவே இருக்கிறது.  அம்மா அந்தப் படத்தை மட்டும் வெகுநேரம் என் முன்னால் விரித்து வைத்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கழிப்பறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

இதற்கு டாக்டரிடம் போகலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். எதைச் சொல்லிப் போவது? வலி என்று ஒன்று இருந்தால்தானே! எங்கள் வீட்டில் நோய் என்றால் வலிக்க வேண்டும், இல்லை உடம்பு காய வேண்டும், இல்லை வாந்தி எடுக்க வேண்டும். கை மதமதவென்று இருக்கிறது, ரவிக்கை ஊக்கு மாட்ட முடியவில்லை, சில்லறையை எடுத்தால் கீழே விழுகிறது, படியிறங்கும்போது கால் கனக்கிறது என்றெல்லாம் சொன்னால் டாக்டர் என்ன நினைப்பார்? வயதாகிவிட்டது, வீட்டுக்குப் போம்மா என்பார். அதை அவர் சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்லிக்கொள்வது மேல் என்று இருந்தேன். கையையும் காலையும் நான் சேர்த்து யோசிக்கவும் இல்லை. கை கடைப் பிரச்சினை, கால் திருடன் பிரச்சினை.

டாக்டர் இல்லாத குறையைத் தீர்க்க ஒரு நாத்தனார் இருந்தாள். வீட்டுக்காரரின் அக்கா. மலேசியாவில், ஜொகூரில் இருக்கிறாள். எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே போனில் வைத்தியம் பார்ப்பாள். முதலில் வாயு என்றாள். பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தேன். பிறகு கண் பட்டுவிட்டது என்றாள். கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பிறகு நரம்புத் தளர்ச்சி என்றாள். முருங்கைக்கீரையாகத் தின்று தீர்த்தேன். பொங்கல் கழிந்து கடைசியாக, "கழுத்துல நரம்பு பிசகிருக்கு. இங்க ஒருத்தர் இருக்காரு. தலையப் புடிச்சு ஒரே திருப்பு, நெட்டி எடுத்துருவாரு. எங்க எதிர்வீட்டுக்காரருக்கு ஒரே நாள்ல சரியாப் போச்சு," என்றாள்.

எதிர்வீட்டுக்காரருக்கு என்ன வந்திருந்தது என்று கேட்டேன். தலைவலியாம்.

போகாமல் இருக்க முடியாது. அக்கா சொன்னால் வீட்டுக்காரருக்கு வேதவாக்கு. சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். போகிற சாக்கில் சாமான் வாங்கி வரலாம் என்று சக்கரம் வைத்த தள்ளுபை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி வெளியே வந்து பஸ் ஏறினால், பஸ் நகரவே இல்லை. பள்ளி விடுமுறை வேறு. பாலம் முழுக்க வண்டிகள். பாதிப் பேர் இறங்கி நடந்தார்கள். நாங்களும் இறங்கினோம். உச்சி வெயில்.

அவர் முன்னால், நான் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் தள்ளுபையின் சக்கரம் கழன்று உருண்டது. அவர் குனிந்து அதோடு மல்லுக்கு நின்றார். "நீ போய்க்கிட்டே இரு," என்றார். அப்படியாக, கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நான் முன்னால் நடந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பின்னாலிருந்து அவர் கூப்பிட்டார். "இந்தாம்மா, நில்லு."

திரும்பினேன். ஒரு கையில் சக்கரமில்லாத பை. மறு கையில் ஒரு செருப்பு.

"இது யாரோடது?"

"என்னோடது மாதிரியே இருக்குங்க."

"உன் செருப்பு எங்க?"

"கால்லதான். வேற எங்க இருக்கும்?"

"பாரு."

பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாகச் சிமெண்டுத் தரையில் நின்றது.

"எப்பக் கழண்டுச்சு?" என்றேன்.

"அங்கயே. அந்த வெளக்குக் கம்பத்துக்கிட்ட. நீ பாட்டுக்கு நடந்துக்கிட்டே இருந்த. எப்பத்தான் திரும்புவியோன்னு பாத்துக்கிட்டே வந்தேன்." சொல்லிவிட்டு அவர் குனிந்து, என் காலுக்குப் பக்கத்துத் தரையில் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "சுடலையா உனக்கு?"

சுடவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கொதிக்கிற தரை என் காலுக்குத் துணி விரித்த மாதிரி இருந்தது. திருடன், காவலாளி, திட்டின் மேலிருந்த செருப்பு எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் வந்து நின்றன. ஒற்றைச் செருப்போடு ரயிலேறி ஊரைச் சுற்றியவள் நானேதான். வெட்கப்படத் தோன்றவில்லை. பயம்தான் வந்தது. அவர் முகத்திலும் அதே பயத்தைப் பார்த்தேன். கீழே உட்கார்ந்து அவரே என் காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

"வீட்டுக்குப் போயிருவோங்க," என்றேன்.

அதுதான் முடியாது. ஒரு நாட்டை விட்டு முத்திரை குத்தி வெளியேறியாயிற்று. இன்னொரு நாட்டுக்குள் போய் முத்திரை வாங்காமல் திரும்பி வர முடியாது. உலகத்திலேயே பயந்துபோய் வீட்டுக்கு ஓட நினைக்கிறவள் வெளிநாடு போய்த்தான் ஓட வேண்டும் என்றால் அது இந்த ஊரில்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜொகூருக்குள் நுழைந்தேன். நாத்தனார் காத்திருந்தாள்.

"ஏன் இவ்வளவு லேட்டு? நெட்டி எடுக்கறவரு கெளம்பிருவாரு, வாங்க."

"கழுத்தத் தொட வேணாம்க்கா," என்றார் வீட்டுக்காரர்.

"என்னடா?"

"தொட வேணாம். டாக்டர்கிட்டப் போறோம்."

தம்பி தன்னை மறுத்துப் பேசி அவள் கேட்டதே இல்லை. என்னைத்தான் முறைத்தாள், நான் ஏதோ மந்திரம் போட்டுவிட்ட மாதிரி. அந்தக் கலவரத்திலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்ததை மறைப்பானேன்! அவள் வாங்கி வைத்திருந்த சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

திங்கட்கிழமை காலை பாலிகிளினிக். டாக்டர் நம் தமிழ்ப் பையன்தான், என் மகன் வயதிருக்கும். டைல்ஸ் கோட்டின் மேல் குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். ஒரு துளி குடிக்காதவள் நான். மூன்றாவது எட்டிலேயே சுவரைப் பிடித்தேன். கையை வேகமாக விரித்து மூடச் சொன்னார். புருவத்துக்கு ஆயிரம் தடவை செய்கிற வேலை, இடது கை நத்தை மாதிரி செய்தது. சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் எகிறிப் போய் அவர் நாற்காலியை உதைத்தது.

"பாத்தீங்களா, டாக்டர்? காலு நல்லா ஸ்ட்ராங்காதான் இருக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டார். கட்டைவிரல் தானாக மடங்கிற்று. நான் மடக்கவில்லை. என் கையை நானே யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, கை மரத்துப்போறது எல்லாருக்கும் எப்பவாச்சும் வரும். அதுக்குப் பயப்பட வேணாம். ஆனா உங்களுக்குக் கையும் காலும் சேர்ந்து போகுது. பட்டன் போட முடியல, நடை தள்ளாடுது, செருப்பு கழண்டா தெரியல. மாசா மாசம் கூடிக்கிட்டே வருது. இப்படி இருந்தா வெயிட் பண்ணவே கூடாது, வலி இருக்கோ இல்லையோ. ஸ்பெஷலிஸ்ட் இப்பவே பாக்கணும்."

"வயசாயிருச்சுன்னு நெனச்சேன், டாக்டர்."

"வயசானா காலுக்குச் சூடு தெரியாதா?"

குனிந்து இடது காலில் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். 

அந்த வாரமே பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன். நிபுணர் ஒரு சீனப் பெண்மணி. படத்தைத் திரையில் காட்டினார். கழுத்தெலும்பு தேய்ந்து, எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் வட்டு பிதுங்கி, தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. கைக்கும் காலுக்கும் போகிற செய்தியெல்லாம் அந்த இடத்தில் நெரிசலில் நிற்கிறது என்றார். கோளாறு கழுத்தில், கெட்ட பெயர் செருப்புத் திருடனுக்கு.

எப்போதிலிருந்து என்று கேட்டார். டாக்டர் யார் கேட்டாலும் நாம் குறைத்துச் சொல்வது வழக்கம்தானே, திட்டு குறையுமே என்று. "போன வாரத்துலேருந்து," என்றேன். வீட்டுக்காரர் வகுப்புப் பையனைப் போலக் கையைத் தூக்கினார். "தீபாவளிக்கு முந்தியே, டாக்டர்," என்றார். அதோடு விட்டிருக்கலாம். கழுத்தில் நெட்டி எடுக்க ஜொகூர் போன கதையையும் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இரண்டு கையாலும் ஒரு தலையைத் திருகிக் காட்டிச் சொன்னார். நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். திருகினார்களா என்று கேட்டார். இல்லை என்றதும் மூச்சை விட்டார். அந்தத் திருப்பில் கழுத்துக்குக் கீழே எல்லாமே போயிருக்கக்கூடும் என்று மெதுவாகச் சொன்னார். கழன்று உருண்ட ஒரு தள்ளுபைச் சக்கரத்தால் நான் தப்பித்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சை இருப்பதைக் காப்பாற்றத்தான், போனதில் எவ்வளவு திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "திரும்பி வரலேன்னா எதுக்குங்க கழுத்த அறுத்துக்கணும்?" என்று கத்தினேன். எல்லாரும் பார்த்தார்கள்.

"பிரேக் புடிக்காத பஸ்ஸ மொதல்ல நிறுத்தணும்," என்றார் அவர். "ரிப்பேரெல்லாம் அப்புறம்."

"நான் பஸ்ஸா?"

"இல்ல. பஸ்ஸு இவ்வளவு சத்தம் போடாது."

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அழுதேன். உள்ளே போய்ச் சம்மதம் சொன்னேன்.

கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இன்றுவரை மதமதவென்றுதான் இருக்கின்றன. புருவம் திருத்துகிறேன், மெதுவாக. கல்யாணப் பெண்கள் வந்தால் கூட்டாளியிடம் அனுப்பிவிடுகிறேன். தீபாவளிக்கு முன்பே போயிருந்தால் இந்த இரண்டு விரலும் மிஞ்சியிருக்குமோ என்று கேட்டேன். இருக்கலாம் என்றார் நிபுணர். அந்த ஒரு சொல்லை இப்போதும் என்னால் எளிதாக விழுங்க முடிவதில்லை.

அறுவைக்கு மறுநாள் காலை கழுத்தில் பட்டையோடு படுத்திருந்தேன். எழுந்து நிற்கப் பழக்கும் பெண் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, கால்களைத் தொங்கவிட்டு, மெதுவாக இறக்கினாள். வலது கால் தரையைத் தொட்டது. பிறகு இடது.

"ஐயோ!" என்று அலறினேன்.

அவள் என்னைக் கட்டிப் பிடித்தாள். தாதி ஓடி வந்தாள். வீட்டுக்காரர் அழைப்பு மணியை அமுக்கினார், தாதி பக்கத்திலேயே நிற்கும்போது.

"வலிக்குதா, ஆன்ட்டி? எங்க வலிக்குது?"

"வலிக்கலம்மா. சில்லுன்னு இருக்கு. தரை சில்லுன்னு இருக்கு!"

"ஓகே, ஓகே, ஏசியக் கொறைக்கிறேன்," என்றாள் தாதி.

"ஏசியத் தொட்டீங்கன்னா பாருங்க!"

அவர்கள் இருவரும் விழித்தார்கள். வீட்டுக்காரருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கிற்று. நான் இடது உள்ளங்காலை இன்னும் நன்றாக அழுத்தி வைத்தேன். குதிகாலில் குளிர்ந்தது, விரல்களில் கொஞ்சம் மந்தமாகக் குளிர்ந்தது.

"போதும், முதல் நாளு, உக்காந்துக்கலாம்," என்றாள் அந்தப் பெண்.

"இரும்மா," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."